வகுப்பா, இணையப் பாடமா, பக்கத்து நாற்காலியா? அரசுக் கணினிப் பணியாளர்களுக்குப் புதுத்திறன் சேர்க்கும் வழிகள்

ஒரு துறையின் மென்பொருள் ஒப்பந்தம் முடிய இன்னும் பதினெட்டு மாதங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மென்பொருளை எழுதியது வெளி நிறுவனம். சர்வரைப் பார்த்துக்கொள்வதும் அவர்களே. துறையின் கணினிப் பிரிவில் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள்: இரண்டு மூன்று உதவி நிரலர்கள், தரவு உள்ளீட்டுப் பணியில் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர்கள், “உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே” என்ற ஒரு வார்த்தையில் இருக்கை மாற்றப்பட்ட இளநிலை உதவியாளர்கள். பயிற்சிக்கென்று கொஞ்சம் நிதி வந்திருக்கிறது. மார்ச் 31க்குள் செலவழிக்காவிட்டால் திரும்பப் போய்விடும். இந்தப் பணத்தையும், அதைவிட முக்கியமாக இந்தப் பதினெட்டு மாதங்களையும் எப்படிச் செலவிடுவது?

இப்படியொரு பிரிவில் நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். முதலில் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவனாக, பிற்பாடு யாரை அனுப்பலாம் என்று கோப்பில் குறிப்பு வைப்பவனாக. எல்லா வழிகளையும் ஒரே தராசில் வைத்து எதையும் தேர்ந்தெடுக்காமல் விடுவதாக உத்தேசமில்லை. எனக்கு ஒரு கட்சி உண்டு. அதற்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

துறை முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. ஆட்களை ஐந்து நாள், பத்து நாள் வகுப்புக்கு அனுப்பலாம். இணையப் பாடங்களைக் கட்டாயமாக்கலாம். ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் பக்கத்தில் உட்காரவைத்து வேலையோடு வேலையாகக் கற்கச் செய்யலாம். அரசே சொந்தமாக ஒரு கல்விக்கூடம் நடத்தலாம். ஐந்தாவதாக ஒன்றும் இருக்கிறது. இருப்பவர்களை அப்படியே விட்டுவிட்டு, தெரிந்தவர்களை வெளியிலிருந்து எடுத்துக்கொள்வது. யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் பல இடங்களில் நடப்பது இதுதான். அதை முதலில் பார்த்துவிடலாம்.

புதியவர்களை எடுத்தால் போதாதா?

தொகுப்பூதியத்தில் எடுக்கப்படும் இளைஞர்கள் திறமைசாலிகள். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நல்ல வேலை கிடைத்தவுடன் போய்விடுவார்கள், போகவும் வேண்டும். அவர்கள் போகும்போது அறிவும் கூடவே போகிறது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வேலையிழந்தோர் நிவாரணத்துக்கு விண்ணப்பங்கள் வெள்ளமாக வந்தபோது, நாற்பது ஆண்டுப் பழைய கணினி அமைப்பு தாங்கவில்லை. கோபால் (COBOL) என்ற பழைய நிரல்மொழி தெரிந்தவர்கள் தன்னார்வலர்களாக வந்து உதவ வேண்டும் என்று ஆளுநர் பில் மர்பி செய்தியாளர் கூட்டத்தில் வேண்டுகோள் விடுத்தார். பணம் இல்லாத மாநிலம் அல்ல அது. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெறும்போது அடுத்தவர் கைக்கு எதையும் மாற்றிக்கொடுக்காமல் விட்டதன் விளைவு.

இன்னொரு காரணம் இதைவிட ஆழமானது. ஒரு சர்வே எண்ணுக்கு ஏன் இத்தனை உட்பிரிவுகள், பட்டா ஒருவர் பெயரிலும் பத்திரம் இன்னொருவர் பெயரிலும் இருந்தால் எந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டும், “எஸ். முருகன்”, “முருகன் எஸ்”, “சு. முருகன்” மூவரும் ஒரே ஆளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது — இவையெல்லாம் இருபது ஆண்டுகள் அந்த இருக்கையில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். தரவுத்தளத்தை ஆறு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆறு மாதத்தில் இந்த அனுபவத்தை யாராலும் கற்றுக்கொடுக்க முடியாது. அதனால்தான் இருப்பவர்களுக்குத் திறன் சேர்ப்பதுதான் முறை என்று சொல்கிறேன். வெறும் இரக்கத்தில் சொல்வதல்ல இது.

ஐந்து நாள் வகுப்பு

நான் போன முதல் தொழில்நுட்ப வகுப்பு சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் நடந்தது. குளிரூட்டிய அறை, புதுக் கணினிகள், கோப்புறைக்குள் குறிப்பேடும் பேனாவும். தரவுத்தளம் பற்றிய பாடம். நடத்தியவர் மிக நன்றாக நடத்தினார். நான்காம் நாள் மாலை நானே மூன்று அட்டவணைகளை இணைத்து ஓர் அறிக்கை எடுத்தேன். ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அந்தக் குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் மாத அறிக்கைகளை இனி இப்படி எடுத்துவிடலாமே என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை அலுவலகம். என் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லை. தரவுத்தளம் நிறுவனத்தின் கையில். படித்துப் பார்க்க மட்டுமாவது அனுமதி கேட்டு எழுதினேன். கோப்பு போனது, திரும்பவில்லை. ஒரு மாதத்தில் கட்டளைகள் மறந்துபோயின. சான்றிதழின் நகல் மட்டும் பணிப் பதிவேட்டில் ஏறியது.

பிறகு குறிப்பு வைக்கும் இடத்துக்கு வந்தபோது வகுப்பின் இன்னொரு பலவீனம் தெரிந்தது. “இரண்டு பேரை நியமிக்கவும்” என்று கடிதம் வரும்போது, யாரை விடுவித்தால் வேலை நிற்காது என்றுதான் மனம் முதலில் பார்க்கிறது. பிரிவையே தோளில் சுமப்பவரை ஐந்து நாள் விட முடிவதில்லை. ஆக, எவருக்குக் கொடுத்தால் மறுநாளே பயன்படுமோ அவருக்குப் பயிற்சி கிடைப்பதில்லை. நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். எங்கள் பிரிவில் இருந்த ஓர் அம்மையாரை நான்கு முறை பெயர் வரிசையில் தாண்டிப் போயிருக்கிறேன், அவர் இல்லாமல் மாதக் கடைசி நகராது என்ற ஒரே காரணத்தால்.

வகுப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எல்லோரும் ஒரே நாளில், ஒரே வார்த்தைகளில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. இணையப் பாதுகாப்பு அப்படிப்பட்டது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, இணையத் தாக்குதல் போன்ற சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆறு மணி நேரம் என்பது ஒரு கோப்பு கண்காணிப்பாளர் மேசையிலிருந்து அலுவலர் அறைக்குப் போகும் நேரம்கூட இல்லை. யார் யாருக்குத் தொலைபேசியில் சொல்வது, எதைத் தொடக்கூடாது என்பதை அலுவலர் முதல் தரவு உள்ளீட்டாளர் வரை ஒரே அறையில் உட்கார்ந்து ஒருநாள் ஒத்திகை பார்த்தால்தான் அது நடக்கும். அதற்கு வகுப்புதான் சரி. நிரல் எழுதவோ சர்வரைப் பராமரிக்கவோ கற்க அது சரிப்படாது.

இணையப் பாடம்

2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அமைச்சரவை அரசுப் பணியாளர் பயிற்சிக்கான மிஷன் கர்மயோகி திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் கீழ் வந்த ஐகாட் கர்மயோகி தளத்தில் அரசுப் பணியாளர் எவரும் தன் கைப்பேசியிலேயே பாடம் படிக்கலாம். 2024 அக்டோபரில் தேசியக் கற்றல் வாரம் நடத்தி, ஒவ்வொருவரும் குறைந்தது நான்கு மணி நேரமாவது படிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள்.

இதன் நன்மையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ராமநாதபுரத்திலோ கூடலூரிலோ இருப்பவருக்குச் சென்னை வகுப்பு என்பது ஐந்து நாள் வீட்டைவிட்டுப் போவது. கைக்குழந்தை உள்ளவர்கள், படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்பவர்கள் எத்தனையோ பேர் பயிற்சி நியமனத்தை எழுத்துமூலம் மறுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் கதவு திறந்தது இணையத்தால்தான்.

ஆனால் மணிக்கணக்கை இலக்காக வைத்தால் மணிக்கணக்குத்தான் கிடைக்கும். ஒரு சாளரத்தில் காணொளி ஓட, இன்னொன்றில் தபால் பதிவு நடக்கும். நிர்வாக நடைமுறை, பணி நெறிமுறை போன்ற பாடங்களுக்கு அதுவும் ஓரளவு பரவாயில்லை என்று விடலாம். தொழில்நுட்பம் அப்படி ஏறாது. கையால் செய்து, பிழை வந்து, அந்தப் பிழையோடு ஒரு மாலைப்பொழுது மல்லுக்கட்டினால்தான் ஏறும்.

அதனால் இணையப் பாடத்திலேயே இரண்டு வகை இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். பார்த்து முடித்தால் சான்றிதழ் தரும் பாடம் ஒரு வகை. வாரந்தோறும் பயிற்சிக் கணக்குகளும், கடைசியில் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டிய தேர்வும் உள்ள பாடம் இன்னொன்று. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இரண்டாம் வகை. பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். 2020இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பும் நேரடித் தேர்வை விட்டுவிடவில்லை. துறையின் பணத்தில் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பது மிக மலிவான, மிகப் பயனுள்ள செலவு. ஆனால் ஒரு நிபந்தனை: படிக்கும் நேரம் அலுவலக நேரத்தில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகல் என்று எழுத்துமூல உத்தரவு போட வேண்டும். “வீட்டில் இரவு படித்துக்கொள்ளுங்கள்” என்றால், இரவு யாருக்குச் சொந்தமாக இருக்கிறதோ அவர்கள் மட்டும் படிப்பார்கள். அடுப்படியில் பத்து மணி வரை நிற்பவர்கள் விடுபட்டுப் போவார்கள்.

பக்கத்து நாற்காலி

ஒரு மாதக் கடைசி. வசூல் அறிக்கை திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது, வரவில்லை. ஒப்பந்த நிறுவனத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். என் மகன் வயதுதான் இருக்கும். வழக்கமாக இப்படி வருபவர்கள் எங்களை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து முடித்துவிட்டுப் போவார்கள். இவர் வேறொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “சார், நீங்களே தட்டுங்கள், நான் சொல்கிறேன்” என்றார்.

கேள்விக்கு விடை தேட தரவுத்தளம் எந்த வழியில் போகிறது என்பதைத் திரையில் வரவழைத்துக் காட்டினார். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை முழு அட்டவணையையும் அது படித்துக்கொண்டிருந்தது. “இந்தப் பத்திக்கு இன்டெக்ஸ் போடவில்லை சார்” என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்கு முழுதும் விளங்கிவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஆள்பெயருக்கு ஓர் இன்டெக்ஸ், சொத்துக்கு ஓர் இன்டெக்ஸ் என்று தனித்தனியே எழுதி வைப்பார்கள். வில்லங்கம் பார்ப்பவர் பத்திரத் தொகுதிகளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவதில்லை. இன்டெக்ஸில் பெயரைப் பிடித்து நேராகப் பக்கத்துக்குப் போவார். அதே வேலைதான். நானே கட்டளையைத் தட்டினேன். அறிக்கை சில நொடிகளில் வந்தது. ஐந்து நாள் வகுப்பில் இன்டெக்ஸ் பற்றியும் சொல்லித்தான் தந்திருந்தார்கள். அன்றைக்கு அது எனக்கு ஒரு சொல்லாக மட்டுமே இருந்தது.

அவர் கிளம்பும் முன் என்னிடம் ஒன்று கேட்டார். ஒரே எண்ணில் இரண்டு ரசீதுகள் இருக்கின்றனவே, இது பிழையா என்று. “இல்லை தம்பி, ஏப்ரல் 1ஆம் தேதி எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். நிதியாண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ரசீது தனித்து நிற்கும்” என்றேன். அவர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அவர் நிறுவனத்தில் அதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இருபது நிமிடத்தில் இரண்டு பேரும் கற்றுக்கொண்டோம். என் கட்சி அன்றைக்குத்தான் முடிவானது.

இந்த வழியின் பலம் இதுதான். உயிரோடு ஓடுகிற அமைப்பில், உண்மையான சிக்கலில், தெரிந்தவர் அருகில் இருக்கக் கற்கிறோம். மறுவாரமே அதே சிக்கல் வேறு உருவில் வரும், மறக்க இடமில்லை. எங்கள் பிரிவின் பழைய அனுபவம் ஒன்றும் இதையே சொல்கிறது. 2010 ஜூனில் தமிழக அரசு எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடை ஏற்று அரசாணை வெளியிட்டது. அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் எங்கள் கடிதங்கள் வானவில் அவ்வையார் எழுத்துருவில்தான் போயின. பயிற்சி தராமல் இல்லை. தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்கள் அவ்வளவு எளிதில் இடம் மாறவில்லை. இணையப் படிவங்கள் வந்தபோதுதான் மாறின. பழைய எழுத்துருவில் அடித்ததை அங்கே ஒட்டினால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். அப்போது பக்கத்து இருக்கைக்காரரிடம் “எப்படி மாற்றுவது?” என்று கேட்டார்கள், அவர் காட்டினார். ஒரு மாதத்தில் பிரிவு முழுவதும் மாறிவிட்டது.

ஆனால் பக்கத்து நாற்காலி தானாகக் கிடைக்காது. அந்தத் தம்பி நல்ல மனதால் செய்தார். அவரது நிறுவனத்துக்கு எங்களுக்குக் கற்றுத்தர எந்தக் கட்டாயமும் இல்லை. சொல்லப்போனால், நாங்கள் கற்றுக்கொண்டால் அடுத்த ஒப்பந்தத்தில் அவர்களுக்கு வேலை குறையும். எனவே அது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். மூலநிரல், அதாவது நிரலர்கள் எழுதிய வரிகள், துறையின் சொந்தக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும், இறுதியில் குறுந்தகட்டில் ஒப்படைப்பதாக இருக்கக்கூடாது. நிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் துறையின் ஆள் ஒருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். முதல் சில மாதங்களில் அவருக்குப் பாதிதான் புரியும், அது போதும். ஒன்பதாம் மாதத்திலிருந்து சின்னச் சின்னத் திருத்தங்களைத் துறையின் ஆட்கள் செய்ய, நிறுவனம் சரிபார்க்க வேண்டும். நாற்காலிகள் இடம் மாறுகின்றன. கடைசித் தவணைப் பணம், துறைப் பணியாளர்கள் தாங்களாகவே ஒரு புதிய பதிப்பை வெளியிட்டுக் காட்டிய பிறகு மட்டும்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகளும் உண்டு. உடன் உட்காரும் பணியாளரை நிறுவனம் எடுபிடி வேலைக்கு வைத்துக்கொள்ளும். கையெழுத்து வாங்கிவர, கூட்டத்துக்கு அறை பிடிக்க. நிறுவனத்தின் கெட்ட பழக்கங்களும் சேர்ந்தே ஒட்டும். கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பவரிடம் கற்றவர் தானும் அப்படியே எழுதுவார். இவற்றுக்கு மாவட்டத்தில் உள்ள தேசியத் தகவலியல் மையத்தின் அலுவலரைப் போன்ற வெளியாள் ஒருவர் மாதம் ஒருமுறை பார்வையிடுவது நல்ல மருந்து.

பிரிட்டனில் ஸ்வான்சி நகரில் உள்ள ஓட்டுநர், வாகன உரிம முகமை, பல ஆண்டுகள் நீடித்த பெரிய ஒப்பந்தத்தை 2015 செப்டம்பரில் முடித்துக்கொண்டு வேலையைத் தன் கைக்கு எடுத்தது. அங்கே ஒப்பந்த நிறுவன ஊழியர்கள் பலர் அப்படியே அரசுப் பணிக்கு மாறினார்கள். வேலை கைமாறும்போது ஆளும் கூடவே மாற அந்நாட்டுச் சட்டம் வழி செய்கிறது. நம் ஊரில் அது முடியாது. தேர்வாணையம் போன்ற முறையான நியமன வழியில் வராதவர் பொதுவாக நிரந்தரப் பணியில் உட்கார இயலாது. ஆள் வர முடியாத இடத்தில் அறிவையாவது வாங்கிக்கொண்டால்தான் உண்டு. பக்கத்து நாற்காலி பிரிட்டனைவிட நமக்குத்தான் அதிகம் தேவை என்பது என் வாதம்.

சொந்தமாக ஒரு கல்விக்கூடம்

பிரிட்டனின் பணி மற்றும் ஓய்வூதியத் துறை 2014இல் தன் ஊழியர்களுக்காக டிஜிட்டல் கல்விக்கூடம் ஒன்றைத் தொடங்கியது. 2017இல் அது அரசு டிஜிட்டல் சேவை அமைப்பின் கீழ் வந்து எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது. கட்டடத்தைவிட எனக்குப் பிடித்தது அதே காலத்தில் அவர்கள் எழுதிய திறன் வரையறை. ஒவ்வொரு பணிக்கும் என்னென்ன திறன் வேண்டும், ஒவ்வொரு திறனிலும் அறிமுகம், செயல்பாடு, தேர்ச்சி, வல்லமை என்ற நான்கு படிகளில் எந்தப் படி வேண்டும் என்று எழுதி எல்லோரும் பார்க்க வெளியிட்டார்கள். பணியாளர் தான் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்த படிக்கு என்ன வேண்டும் என்று தானே பார்த்துக்கொள்ளலாம். நம் துறைகளில் “கம்ப்யூட்டர் தெரியும்” என்ற ஒரே படிதான் இருக்கிறது.

பன்னிரண்டு பேர் உள்ள துறை கல்விக்கூடம் நடத்த முடியாது. மாநிலம் நடத்தலாம். கேரளத்தில் 2001இல் தொடங்கி, 2017இல் கைட் என்ற நிறுவனமாக மாறிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் ஆசிரியர்களுக்கானது என்றாலும் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. பயிற்சியாளர்களை அவர்கள் ஆசிரியர்களிலிருந்தே எடுத்தார்கள். வகுப்பறையில் நின்று பழகியவருக்குத்தான் இன்னோர் ஆசிரியர் எந்த இடத்தில் தயங்குவார் என்று தெரியும். நமக்கும் ஈரோடு மாவட்டத்தில் பவானிசாகர் இருக்கிறது. குடிமைப் பணி அலுவலர்களுக்கான பயிற்சி நிலையம் அங்கே பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. அங்கே தொழில்நுட்பப் பிரிவு ஒன்று, பல துறைகளிலிருந்தும் அயற்பணியில் வரும் கணினிப் பணியாளர்களே ஆசிரியர்களாக இருந்து நடத்துவது எட்டாத கனவல்ல. ஆனால் நம் பதினெட்டு மாதத்துக்குள் அது எழும்பாது. துறைத் தலைவர் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

திரும்பி வந்து உட்கார ஓர் இருக்கை

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதைப் பாழாக்கக்கூடிய ஒன்று உண்டு. கற்றவருக்கு அந்த வேலையே இல்லாமல் போவது.

அமெரிக்க மத்திய அரசு 2018 நவம்பரில் இணையப் பாதுகாப்பு மறுபயிற்சிக் கல்விக்கூடத்தை அறிவித்தது. தொழில்நுட்பம் சாராத பணியில் இருப்பவர்களை இணையப் பாதுகாப்புக்குத் தயார்ப்படுத்துவது நோக்கம். 1,500 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். தேர்வு நடத்தி, மிகச் சிலரையே எடுத்து, 2019இல் நன்றாகவே பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்கள் எதிர்கொண்டது ஊதியப் படிநிலைச் சிக்கலை. புதுத் துறையில் அனுபவம் இல்லாததால் தொடக்கநிலைப் பணிக்குத்தான் தகுதி, அங்கே போனால் இப்போதைய சம்பளத்தைவிடக் குறைவு. பிள்ளைகள் படிக்கும் வயதில் யார் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு போவார்கள்? பாடத்தில் குறையில்லை. அடுத்த பணிக்கு வழி போட்டு வைக்கவில்லை.

இந்த இடத்தில் நம் அரசுக்கு நெடுங்கால அனுபவம் இருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஆதங்கம் மேலிடும். துறைத் தேர்வுகள் ஆண்டுக்கு இருமுறை, மே மாதமும் டிசம்பர் மாதமும் நடக்கின்றன. சார்நிலை அலுவலர் கணக்குத் தேர்வில் தேறாமல் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராது என்பதால், நாற்பது வயதில் குடும்பஸ்தர்கள் விடியற்காலை எழுந்து நிதி விதிகளை மனப்பாடம் செய்கிறார்கள். இளநிலை உதவியாளர்கள் சந்தித்துக்கொண்டால் “பவானிசாகர் முடித்தாயிற்றா?” என்பது முதல் கேள்விகளில் ஒன்று, ஏனென்றால் பதவி உயர்வு அதில் தொங்குகிறது. தட்டச்சருக்குக் கணினி அலுவலகத் தானியக்கச் சான்றிதழ் தேவை என்றவுடன் ஊருக்கு ஊர் பயிற்சி மையங்கள் முளைத்தன. கற்றலைப் பணி வாழ்வோடு கட்டும் வித்தையை நாம் நன்றாகவே அறிவோம். தொழில்நுட்பத்துக்கு மட்டும், அதிலும் அலுவலக மென்பொருளுக்கு மேற்பட்ட எதற்கும், அதைச் செய்யாமல் வைத்திருக்கிறோம். தரவுத்தளம், இணையப் பாதுகாப்பு, மென்பொருள் ஒப்பந்தம் ஆகிய மூன்றில் செய்முறையோடு கூடிய துறைத் தேர்வும், தேறியவருக்கு ஓர் ஊதிய உயர்வும் போதும். மீதியை நம் பணியாளர்களே பார்த்துக்கொள்வார்கள்.

பொது மாறுதலையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இரண்டாண்டு உழைத்துக் கற்றவரை மூன்றாம் ஆண்டு நலத்திட்டப் பிரிவுக்கு மாற்றிவிட்ட ஓர் உத்தரவை நானே கையில் வாங்கியிருக்கிறேன். மாற்றப்பட்டவர் நான் நான்கு முறை தாண்டிப் போன அதே அம்மையார். ஐந்தாம் முறை அவர் பெயரை எழுதினேன். மென்பொருள் சோதனையில் அவரைப்போல ஒருவரை நான் பார்த்ததில்லை. ஒரு படிவத்தை எத்தனை விதமாகத் தப்பாக நிரப்பலாம் என்று முப்பது ஆண்டுகள் பார்த்தவர். நிறுவனம் “முடிந்தது” என்று கொண்டுவந்த பதிப்பில் முதல் நாளே பதினொரு பிழைகளை எழுதிக் கொடுத்தார். ஒரு வரி நிரல்கூட அவர் எழுதியதில்லை. புதுத்திறன் என்றவுடன் எல்லோரையும் நிரல் எழுதவைக்க நினைப்பவர்களுக்கு அவரைத்தான் சொல்வேன். சோதனை, தரவைச் சுத்தம் செய்தல், தேவையைத் தெளிவாக எழுதுதல், ஒப்பந்தத்தைப் படித்தல் ஆகிய எல்லாமே தொழில்நுட்பத் திறன்கள்தான்.

பதினெட்டு மாதத்துக்கு என் கணக்கு

பன்னிரண்டு பேரில் நான்கு பேரைப் பக்கத்து நாற்காலிக்கு அனுப்புவேன். ஒருவர் தரவுத்தளத்துக்கு, ஒருவர் சர்வருக்கு, ஒருவர் நிரலுக்கு, ஒருவர் சோதனைக்கு. இளையவர்களாக மட்டும் எடுக்க மாட்டேன், சோதனைக்கு மூத்தவரே நல்லது. இந்த நால்வரின் வழக்கமான வேலையை மற்றவர்களுக்குப் பிரித்துக்கொடுத்து அலுவலக உத்தரவாகவே போடுவேன். வாய்மொழியாகச் சொன்னால் இரண்டாம் வாரம் பழைய வேலையும் அவர்கள் மேசைக்கு வந்துவிடும். ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தால் புது நிபந்தனைகளுக்குத் துணை ஒப்பந்தம் வேண்டும். பயிற்சி நிதியின் பெரும்பகுதி அங்கேதான் போக வேண்டும், நிறுவனத்துப் பொறியாளரின் கற்பிக்கும் நேரத்துக்கு. மீதியில் எல்லோருக்கும் ஒருநாள் பாதுகாப்பு ஒத்திகை. விரும்புகிறவர்களுக்குத் தேர்வுக் கட்டணம், வெள்ளி பிற்பகல். செயற்கை நுண்ணறிவு வகுப்பு வேண்டும் என்று மேலிருந்து வந்தால் மறுக்க மாட்டேன், ஆனால் மூன்று முருகன்களும் ஒரு முருகனான பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று குறிப்பு எழுதுவேன்.

இதற்கெல்லாம் முன்பாக, முதல் வாரமே ஒன்றைச் செய்வேன். சர்வரின் நிர்வாகக் கடவுச்சொல் எங்கே இருக்கிறது என்று கேட்பேன். எங்கள் அலுவலகத்தில் அது அரக்கு வைத்த உறையில், பீரோவில், சாவியோடு பத்திரமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை எல்லாம் நின்றுபோய், நிறுவனத்தில் யாரும் தொலைபேசி எடுக்காதபோது அலுவலர் முன்னிலையில் உறையைப் பிரித்தோம். உள்ளே இருந்த கடவுச்சொல் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மாற்றப்பட்டிருந்தது. திங்கள் காலை வரை, கவுண்டர் முன்னால் வந்து நின்றவர்களிடம் “சர்வர் இல்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தவர் தரவு உள்ளீட்டாளராகச் சேர்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த இருக்கையில் இருந்தவர். இந்த நான்கு பேரில் முதல் பெயராக நான் எழுதுவது அவருடையதைத்தான்.